குண்டு விழுந்த பட்டறைக்கு வட்டி

குண்டு விழுந்து பட்டறையை இழந்தவரிடம், கடன் தர்றேன், வட்டியோட திருப்பிக் கட்டு என்பது நியாயமா? மார்ஷல் திட்டத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி என்னை உறுத்தும்.

மேற்கு ஜெர்மனிக்கு அமெரிக்க உதவி பெரும்பாலும் உணவு, பருத்தி, எரிபொருள் என்று பொருளாகவே வந்தது. வாங்கியவர்கள் தங்கள் நாட்டு மார்க்கில் விலை கொடுத்தார்கள். அந்தப் பணம் ஒரு நிதியாகச் சேர்ந்து, 1948இல் தொடங்கிய கேஎஃப்டபிள்யூ வங்கி வழியாகத் தொழில்களுக்குக் கடனாகப் போனது.

சும்மாவே கொடுத்திருக்கலாமே என்றுதான் முதலில் தோணுச்சு. யோசிச்சுப் பார்த்தா, ஒருவர் திருப்பிக் கட்டியதுதான் அடுத்தவரின் பட்டறைக்கு முதலாகியிருக்கிறது. அந்த நிதி இன்றும் சிறுதொழில்களுக்குக் கடன் கொடுக்கிறது. தானம் வாங்கியவர் வாங்கியவராகவே நின்றுவிடுகிறார். கடனைக் கட்டியவர் இன்னொருவருக்குக் கொடுத்தவராகவும் ஆகிறார்.

ஆனால் இது பாதிக் கதைதான். போருக்குப் பிந்தைய உதவிக்காக ஜெர்மனி தரவேண்டியிருந்ததில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை, 1953 லண்டன் ஒப்பந்தத்தையொட்டி அமெரிக்கா விட்டுக்கொடுத்தது. முழுசாக் கேட்டிருந்தால், பட்டறைக்காரர் கட்டிய பணம் அடுத்த பட்டறைக்குப் போகாமல் கடல் தாண்டியிருக்கும்.

அதனால், போரில் நொந்த நாட்டுக்குக் கடன் கொடுக்க வருகிறவரிடம் வட்டி எவ்வளவு என்று மட்டும் கேட்டால் போதாது. எவ்வளவை விடத் தயார் என்றும் கேட்கணும்.