மிதிக்கிறவங்களும் போதிக்கிறவங்களும்

காரை வீட்டில் நிறுத்திவிட்டு சைக்கிள் ஏறுகிறவர் ஒருவர். வேறு வண்டிக்கு வக்கில்லாமல் சைக்கிள் ஏறுகிறவர் இன்னொருவர். ரெண்டு பேரும் ஒரே ரோட்டில் பக்கத்துப் பக்கத்தில் போகிறார்கள். புகை இல்லை, சத்தம் இல்லை, பெட்ரோல் இல்லை. முதலாமவரை 'சூழல் அக்கறை உள்ளவர்' என்கிறோம். இரண்டாமவருக்கு அப்படி ஒரு பேர் கிடைப்பதில்லை. செயல் ஒன்றாக இருக்கும்போது மதிப்பு மட்டும் ஏன் ரெண்டாகிறது? அறம் செயலில் இருக்கிறதா, அல்லது செய்கிறவருக்கு வேறு வழி இருந்ததா என்பதில் இருக்கிறதா? சைக்கிள் கொள்கை, பசுமைப் போக்குவரத்து என்று அரசும் அறிவாளிகளும் பேசுகிற பேச்சுக்கெல்லாம் அடியில் இந்தக் கேள்வி கிடக்கிறது. சேரியிலிருந்து பார்க்கிறவர்கள் இதைக் கேட்டாக வேண்டும்.

வானூர் வட்டத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 1968இல் தொடங்கப்பட்ட ஆரோவில் இந்த வட்டத்தில்தான் இருக்கிறது. மரநிழல், செம்மண் பாதை, சைக்கிளுக்கென்று தனித்தடம். பல தேசத்திலிருந்து வந்தவர்கள் சைக்கிள் மிதிப்பதை ஒரு வாழ்க்கைமுறையாகத் தேர்ந்துகொண்டார்கள். அது நல்ல காரியம்தான். அதே செம்மண்ணில் சுற்றுக் கிராமங்களிலிருந்து தோட்ட வேலைக்கும் கட்டட வேலைக்கும் நம்ம ஜனங்களும் மிதித்துக்கொண்டு போனாங்க. அதை யாரும் வாழ்க்கைமுறை என்று சொல்லவில்லை. கூலிக்குப் போகிற வழி, அவ்வளவுதான்.

கழுவெளியை ஒட்டி வடக்கே போனால் மரக்காணம் உப்பளம். வெயில் ஏறிவிட்டால் பாத்தியில் நிற்க முடியாது, கண் கூசும், கால் வெந்துபோகும். அதனால் இருட்டோடு கிளம்ப வேண்டும். நடை, இல்லாவிட்டால் சைக்கிள். உப்புக்காத்துல செயின் துருவேறி, ரிம்மு பொத்துப்போய், சைக்கிளுக்கும் ஆயுசு கம்மி. 'சைக்கிள் மிதிச்சா ஒடம்புக்கு நல்லது' என்று இங்கே வந்து சொன்னால், 'அளத்துல உப்பு வார்றது பத்தலையாக்கும்' என்றுதான் பதில் வரும். 1930இல் காந்தி தண்டிக்கும், ராஜாஜி வேதாரண்யத்துக்கும் உப்புக்காக நடந்தார்கள். ஒரு தடவை நடந்தது வரலாறானது. உப்புக்காகத் தினமும் நடக்கிறவர்களின் நடைக்கு வரலாற்றில் பக்கம் இல்லை.

நம் ஜனங்களுக்கு வண்டி என்ன வண்டி என்பதற்கு முன்னால், ரோட்டில் போகலாமா என்பதே வழக்காக இருந்திருக்கிறது. 1893இல் திருவிதாங்கூரில் அய்யன்காளி வில்லுவண்டி பூட்டிப் பொதுச்சாலையில் ஓட்டினார். அந்தச் சாலை அன்றைக்குத் தாழ்த்தப்பட்டவர்களுக்கு மூடியிருந்தது. 1924இல் சென்னை சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன், பொதுச்சாலையும் பொதுக்கிணறும் எல்லோருக்கும் உரியவை என்று தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்ற வேண்டியிருந்தது. அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவில் கிணறு, குளம், படித்துறையோடு சாலையையும் பேர் சொல்லி எழுதவேண்டி வந்தது. யாராவது தடுத்துக்கொண்டிருந்தால்தானே அப்படி எழுதுவார்கள்?

அதோடும் தீரவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் நாடாளுமன்றம் ஒரு திருத்தம் செய்தது. 2016 ஜனவரி 26 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. தலித்தோ பழங்குடியோ பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதை, செருப்பும் புதுத்துணியும் போடுவதை, கல்யாண ஊர்வலம் போவதைத் தடுத்தால் குற்றம் என்று அதில் இருக்கிறது. இருபத்தோராம் நூற்றாண்டின் சட்டப் புத்தகத்தில் 'சைக்கிள்' என்ற சொல் வன்கொடுமைப் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது என்பதைப் பசுமைப் போக்குவரத்து பேசுகிறவர்கள் ஒருமுறையாவது வாசிக்க வேண்டும். ஊர்த்தெரு வந்ததும் இறங்கி, தலையைக் குனிந்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய், தெரு முடிந்ததும் மறுபடி ஏறுகிற அந்த வழக்கம் எந்தப் போக்குவரத்துத் திட்டத்திலும் பதிவாகவில்லை. அந்த இருநூறு அடி தூரத்தில் சைக்கிள் ஒரு வாகனமாக இருப்பதில்லை. சாதியைச் சுமக்கிற சுமையாக மாறிவிடுகிறது.

அரசு சைக்கிள் கொடுக்கவே இல்லையா என்றால், கொடுத்தது. தமிழ்நாட்டில் இலவச சைக்கிள் திட்டம் 2001-02இல் தொடங்கியபோது, மேல்நிலை வகுப்பு படிக்கிற தலித், பழங்குடி மாணவிகளுக்குத்தான் முதலில் கிடைத்தது. பிறகுதான் மற்றவர்களுக்கும் பையன்களுக்கும் விரிந்தது. பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்கு சைக்கிள் தந்தார்கள். அதை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும், உயர்நிலைப் பள்ளியில் சேருகிற பெண்கள் 32 விழுக்காடு கூடியதாகக் கண்டார்கள். அதற்கும் முன்னால், 1991-92இல் புதுக்கோட்டையில் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் ஆயிரமாயிரம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. கல்குவாரிக் கூலிப் பெண்கள் அதில் இருந்தார்கள். ஆம்பளை தயவில்லாமல், பஸ்ஸுக்குக் காத்துக் கிடக்காமல் போய்வர முடிந்தது. அந்தப் பெண்கள் கரியமிலவாயுவைக் குறைப்பதற்காக சைக்கிள் ஏறவில்லை. விடுதலைக்காக ஏறினார்கள். சைக்கிள் அங்கே அறமானதற்குக் காரணம், அது அவர்களுக்கு இல்லாதிருந்த ஒரு வழியைத் திறந்தது.

இப்போது மறுபக்கம். சேரிப் பையன் கடன் வாங்கி ஒரு பைக் வாங்கினால் 'வெட்டி பந்தா' என்கிறார்கள். சைக்கிளில் போனால் என்ன என்று புத்தி சொல்கிறார்கள். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு தலித் கல்லூரி மாணவர் கையில் வெட்டப்பட்டார். புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்று குடும்பத்தார் புகார் சொன்னார்கள். பைக் ஓட்டினால் அரிவாள் வரும் என்கிற நாட்டில், பைக் வாங்குவது வெறும் நுகர்வுப் பசி இல்லை. அண்ணல் அம்பேத்கர் 1945இல் காங்கிரசையும் காந்தியையும் விமர்சித்து எழுதிய நூலில், எந்திரமும் நவீன நாகரிகமும்தான் உழைக்கிறவனுக்கு ஓய்வையும் பண்பாட்டையும் தர முடியும், எளிமைக்குத் திரும்பு என்பது அவனை மறுபடி மாட்டு வாழ்க்கைக்குத் தள்ளுவது என்ற பொருளில் வாதாடினார். இருக்கிறவன் விடுவது துறவு. இல்லாதவனிடம் போய் விடச் சொன்னால் அதற்குப் பேர் வேறு.

அப்படியானால் புகையைப் பற்றி நமக்குக் கவலை இல்லையா? இருக்கிறது. மற்றவர்களைவிட நமக்குத்தான் அதிகம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தபோது இந்தக் கரையெல்லாம் வெள்ளம். உப்பளம் மூழ்கினால் கூலி மூழ்கும். காற்றைக் கெடுத்ததில் குறைந்த பங்கு யாருடையதோ அவர்கள் வீட்டில்தான் தண்ணீர் முதலில் ஏறுகிறது. ஆகவே நிலைத்த போக்குவரத்து நம் கோரிக்கைதான். அதை யார் தோளில் ஏற்றுகிறார்கள் என்பதில்தான் சண்டை.

கொள்கைகளைப் பார்ப்போம். 2006இன் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, வாகனங்களை நகர்த்துவதைவிட மனிதர்களை நகர்த்துவதே நோக்கம் என்றது. சென்னை மாநகராட்சி 2014இல் மோட்டாரில்லாப் போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கை எடுத்து, போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டை நடக்கிறவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் ஒதுக்கச் சொன்னது. நல்ல சொற்கள். ஆனால் எல்லாம் நகரம். அளத்துக்கும் வயலுக்கும் போகிறவர் மனிதர் கணக்கில் வரவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வேலைக்கு எவ்வளவு தூரம், எதில் போகிறார்கள் என்று ஓர் அட்டவணை வெளியிட்டது. அது 'இதரத் தொழிலாளர்' பற்றியது மட்டுமே. விவசாயக் கூலிகள் அதில் இல்லை. நாட்டில் அதிகம் நடக்கிற, அதிகம் மிதிக்கிற கால்களை எண்ணாமலே போக்குவரத்து பேசுகிறோம்.

வானூர் வட்டத்துக்கு ஒரு பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலை, இன்னொரு பக்கம் திண்டிவனம்–புதுச்சேரி நெடுஞ்சாலை. ரெண்டும் தூரத்து ஊர்க்காரர்கள் வேகமாகப் போக அகலமாயின. குறுக்கே கடந்து வேலைக்குப் போகிற சைக்கிளுக்கு அந்த அகலமே எமன். பஸ்ஸின் கதையும் தெரிந்ததுதான். 1997இல் வீரன் சுந்தரலிங்கம் பேரில் ஒரு போக்குவரத்துக் கழகம் வந்ததும், அந்தப் பேர் போட்ட பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினர் கலவரம் செய்தார்கள். கடைசியில் அரசு எல்லாக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பேரையே எடுத்துவிட்டது. 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று வந்தபோது, கூலிக்குப் போகிற பெண்கள் கையில் நாலு காசு நின்றது. நிலைத்த போக்குவரத்து என்றால் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும். பஸ் ஊரோடு திரும்பாமல் காலனி வரை வரவும் வேண்டும்.

நாம் கேட்பது பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. விவசாயக் கூலியும் உப்பளத் தொழிலாளியும் எதில், எவ்வளவு தூரம் வேலைக்குப் போகிறார்கள் என்று எண்ணுங்கள். காலனியிலிருந்து பள்ளிக்கும் அளத்துக்கும் போகிற பாதையை முதலில் போடுங்கள், அதில் விளக்குப் போடுங்கள். நெடுஞ்சாலையைக் கடக்க வழி விடுங்கள். சைக்கிள் ஓட்டத் தடை போடுகிறவன் மேல் 2016 முதல் இருக்கிற சட்டத்தைப் பாய்ச்சுங்கள். இவை நடந்த பிறகு, ஊர்த்தெருவில் இறங்காமல் மணியடித்துக்கொண்டு போக முடிகிற ஒரு பெண், பைக்கா சைக்கிளா என்று தானே யோசித்து சைக்கிளைத் தேர்ந்தால், அன்றைக்கு அதை அறம் என்று பாராட்டலாம். அதுவரைக்கும் அவளுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.