ரதியாக அழுகிற ஆண்கள்

சி.வி. வேலுப்பிள்ளை என்றால் மலையகத்தாருக்குத் தொழிற்சங்கம்தான் முதலில் நினைவுக்கு வரும். 1914இல் மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்தவர். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிடித்த ஆசனங்களில் தலவாக்கலை அவருடையது. மறுவருடமே வந்த பிரஜாவுரிமைச் சட்டம் அவருக்கு வாக்களித்த மக்களை நாடற்றவர்களாக்கியது. 'வீடற்றவன்', 'இனிப்படமாட்டேன்' என்று நாவல்களுக்கு அவர் வைத்த பெயர்களிலேயே கோபம் தெரிகிறது.

அதே மனிதர் எழுதிய இன்னொரு நாவலின் பெயர் 'காதல் சித்திரம்'. முன்னவை பேசப்படுகிற அளவுக்கு இது பேசப்படுவதில்லை.

காதல் கதை எழுதுகிற ஆணை ஊர் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறது. அது பொம்பளைகள் பொழுதுபோக்குக்குப் படிக்கிற சரக்கு, ஆம்பளைக்கு வேறு வேலை இல்லையா என்று ஒரு பக்கம். நாள் சம்பளத்துக்கே போராட்டம் நடக்கும்போது காதல் கேட்கிறதா என்று இன்னொரு பக்கம். தமிழில் காதல் நாவல் என்றதும் ரமணிசந்திரன் பெயர்தான் வாயில் வருகிறது. அமெரிக்காவில் டாம் ஹஃப் என்ற ஆண் எழுத்தாளர் 'ஜெனிபர் வைல்ட்' என்று பெண் பெயர் போட்டுக்கொண்டு, 1970களில் காதல் நாவல்களை அமோகமாக விற்றார். எழுதத் தெரிந்த ஆணுக்கும் அட்டையில் தன் பெயரைப் போட முடியவில்லை.

தமிழில் இந்த வெட்கம் பழையது அல்ல. குறுந்தொகையில் தலைவி பேசும் பாட்டுகளில் பெரும்பாலானவை ஆண்கள் பாடியவை. மலையும் மலை சார்ந்த இடமும் காதலர் கூடும் நிலம் என்று வகுத்த மரபில், குறிஞ்சி பாடுவதற்கென்றே பேர் பெற்றவர் கபிலர். அவரிடம் யாரும் விளக்கம் கேட்டதாகத் தெரியவில்லை!

அவ்வளவு தூரம் போவானேன்? மாசி பிறந்ததும் தோட்டங்களில் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றுகிறார்கள். தப்பு முழங்க மன்மதனும் ரதியும் ஆடி வருவார்கள். சிவன் நெற்றிக்கண்ணில் மதன் எரிந்துபோக, ரதி தலைவிரித்து அழுவாள். மரபாக அந்த ரதி ஓர் ஆண். பகலில் கவ்வாத்துக் கத்தி பிடித்த கை, இரவில் வளையல் போட்டுக்கொண்டு புருஷனைப் பறிகொடுத்தவளின் ஒப்பாரியைச் சொல்கிறது. விரதம் இருந்து வேஷம் கட்டியவரை யாரும் கேலி செய்வதில்லை. பாட்டிமார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். கூத்துக் களத்தில் இத்தனை மதிப்பு இருக்கிறது. அதே அழுகையை ஓர் ஆண் பேனாவால் எழுதினால் மட்டும் ஏன் மதிப்புக் குறையவேண்டும்?

வேலுப்பிள்ளை இந்த மண்ணிலிருந்துதான் எழுதினார். மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்தவர் அவர். அந்தப் பாடல்களில் கங்காணியைத் திட்டுகிற வாயே மாமன் மகனையும் கூப்பிடும். கொழுந்து மலையில் இரண்டும் ஒரே மூச்சில் வரும்.

அரசியலை விட்டுக் காதலை எழுதலாம் என்று நினைத்தாலும் தோட்டத்தில் அது நடக்காது. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் ஒரு குடும்பமே படுத்து எழும்பும்போது, இளசுகளுக்குப் பேச இடம் ஏது? பீலிக்கரையும் கோயில் திருவிழாவும்தான். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. நாடற்றவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். ஒரே லயத்தில் ஒரு வீட்டுக்கு இந்தியக் கடவுச்சீட்டு, பக்கத்து வீட்டுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. அந்த இரண்டு வீட்டுப் பிள்ளைகள் ஒருவரையொருவர் விரும்பியிருந்தால் அவர்கள் கதையை எந்தத் தொழிற்சங்க அறிக்கை சொல்லும்? இந்தியாவுக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்குப் போன ரயிலை மலையகத்தார் 'அழுகைக் கோச்சி' என்றார்கள். அதில் அழுதவர்கள் தாய் தகப்பன்மார் மட்டுமா?

புள்ளிவிபரத்தை ஆவணம் வைத்திருக்கும். ஆனால் பிளாட்பாரத்தில் நின்றவன் யாரைத் தேடினான் என்பதை நாவலாசிரியன்தான் எழுதவேண்டும். அவன் ஆணாக இருந்தால், ஆண் அழுவதை வெளியே சொல்லத் தயங்கும் சமூகத்துக்கு அது இன்னும் தேவை. வேலுப்பிள்ளையின் நாவல் வரிசையில் 'காதல் சித்திர'த்தை ஓய்வு நேரத்து எழுத்து என்று ஒதுக்குவது தவறு. இன்று அட்டனிலும் நுவரெலியாவிலும் காதல் கதையை எழுதிவிட்டுக் கொப்பியை ஒளித்து வைத்திருக்கும் தம்பிமார், அதை அச்சுக்குக் கொடுக்கட்டும். சொந்தப் பெயரிலேயே கொடுக்கட்டும்.