பழக்கமும் பக்குவமும்

தீய பழக்கத்தை விடுக என்பது எல்லாச் சமயத்தார்க்கும் ஒப்ப முடிந்த அறமாகலின், அதனை நிறுவுதற்கு நீண்ட ஆராய்ச்சி வேண்டா. ஆராய்தற்கு அரியது பிறிதொன்று. ஒருவனைத் தாழ்நிலையினின்று உயர்த்திய பழக்கமே, அவன் உயர்ந்தபின் மேலும் வளரவொட்டாது தடுக்குமாயின், அதனை விடுதல் தகுமோ? தகுமெனின், தன்னை வளர்த்ததனைக் கைவிடுதல் நன்றிக்கேடாகாதோ? இவ்வினாக்கள் தொழில் செய்வார்க்கேயன்றி ஆன்ம வளர்ச்சி குறித்து முயல்வார்க்கும் உரியனவாதலின், ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

சிவஞானசித்தியார் சுபக்கம் இரண்டாஞ் சூத்திரத்தில் அருணந்தி சிவாசாரியார் காட்டிய ஆடை வெளுத்தல் உவமையை அன்பர்கள் அறிவர். உடலும் கருவிகளும் மாயையின் காரியமாகிய மலமே. அங்ஙனமாகவும் அவற்றைக் கொண்டு ஆணவ மலத்தைப் போக்குதல் கூடுமோ என்னும் ஐயத்திற்கு, சாணமும் உவர்மண்ணும் கூட்டி ஆடையின் அழுக்கைப் போக்கும் செயலை ஆசிரியர் விடையாகக் காட்டினர். இவ்வுவமையில் நாம் சிந்திக்கற்பாலது ஒன்றுண்டு. சாணமும் உவரும் ஆடைக்கு உதவியனவே. ஆயினும் வேலை முடிந்தபின் அவையும் அலசப்படுகின்றன. அலசாது விடின், உதவி செய்த உவரே புதிய அழுக்காய் நிற்கும். உவரின்பாற் குற்றம் யாதுமில்லை. தன் வேலை முடிந்த பின்னும் அது தங்கியிருத்தலே குற்றமாயிற்று.

நூலிற் கண்ட இவ்வுண்மையை உலகியலிலும் காண விழைவார், ஆடையை வெளுத்தும் சாயமேற்றியும் வாழும் திருப்பூரை நோக்குவாராக. சுந்தரமூர்த்தி சுவாமிகளின் திருப்பதிகம் பெற்ற அவிநாசிக்கும் திருமுருகன்பூண்டிக்கும் அணித்தாயுள்ள அவ்வூரில், 1920களில், கையால் இயக்கும் பின்னற்பொறிகளோடு பனியன் தொழில் தோன்றிற்று. 1970களின் இறுதி தொட்டு வெளிநாட்டு ஏற்றுமதி பெருகவே, வண்ண ஆடைகளின் தேவையும் பெருகி, சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் மிகுந்தன. உழவர் குடியிற் பிறந்து, பனியன் கம்பெனியிற் கூலிக்குச் சேர்ந்து, தொழில் கற்று, பின்னர்த் தாமே முதலாளிகளானோர் அங்குப் பலர். ஓயாத உழைப்பு, செலவைச் சுருக்குதல், குறித்த நாளிற் சரக்கை ஒப்புவித்தல் என்பன அவர்களை வளர்த்த பழக்கங்கள். இவற்றை நற்பழக்கங்கள் அல்ல என்பார் யார்?

செலவைச் சுருக்கும் அப்பழக்கத்தின் ஒரு கூறாகவே, பட்டறைக் கழிவுநீரை அருகிலுள்ள ஓடையிற் செலுத்தும் வழக்கமும் வந்தது. பட்டறைகள் சிலவாயிருந்த காலத்து அதன் தீமை பெரிதும் புலப்படவில்லை. பலவான போது நிகழ்ந்தது வேறு. பருத்தித் துணியிற் சாயம் பற்றுதற்கு உப்பு இன்றியமையாதது. ஆழ்ந்த நிறங்களுக்கு லிட்டர் ஒன்றுக்கு 50 கிராமுக்கு மேலும் உப்பிடுவதுண்டு. அவ்வுப்பு சாயத்தை நூலினுட் செலுத்த உதவுகின்றதேயன்றித் தான் ஆடையில் நிற்பதில்லை. உதவி முடிந்தபின், பற்றாது எஞ்சிய சாயத்தோடு நீரிற் கலந்து வெளியேறுகின்றது. வெள்ளியங்கிரி மலையிற் றோன்றிக் கரூர் மாவட்டத்திற் காவிரியோடு கலக்கும் நொய்யல், பேரூர்ப் புராணம் காஞ்சிநதி எனப் போற்றும் அந்நொய்யல், அவ்வுப்பையும் சாயத்தையும் சுமக்கலாயிற்று. பாசனத்திற்கென்று ஒரத்துப்பாளையத்தில் எடுத்த அணை சாயக்கழிவின் தேக்கமாயிற்று. கீழ்மடை உழவர்தம் கிணறும் நிலமும் உவர்ப்பேறின.

1990கள் தொட்டு உழவர்கள் நீதிமன்றங்களை நாடினர். கழிவுநீர் ஒரு துளியும் வெளியேறாத முறையைக் கைக்கொள்ளுமாறு 2006 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டுக் காலவரையறையும் விதித்தது. 2009 அக்டோபரில் உச்சநீதிமன்றமும், மாசு செய்தோரே அதற்குரிய பொருளை இறுத்தல் வேண்டும் என்னும் நெறியை வலியுறுத்திற்று. பின்னும் ஆணை நிறைவேறாமையின், 2011 ஜனவரி 28ஆம் நாள் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடுமாறு உயர்நீதிமன்றம் பணித்தது. 700க்கு மேற்பட்ட பட்டறைகள் நின்றன.

இனி, ஈண்டு எழும் தடைகளை நோக்குவாம். ‘பட்டறையாளர் ஆற்றைக் கெடுக்கக் கருதினாரல்லர், பிழைப்புக் கருதி, எல்லாரும் செய்தவாறே தாமும் செய்தனர், கருத்தின்றி நிகழ்ந்ததற்குக் குற்றம் ஏற்றுதல் முறையோ?’ என்பாரும் உளர். தொடக்கத்திற் செய்ததற்கு இக்கூற்று ஒருவாறு பொருந்தும். கிணற்றுநீர் கெட்டமை கண்கூடாய பின்னும், நீதிமன்றத்தார் எடுத்துரைத்த பின்னும் இதனையே கூறுதல் பொருந்தாது. அறியாது செய்தது அறிந்தபின்னும் தொடருமாயின், அது பழக்கம் என்னும் பெயரை இழந்து உடன்பாடு என்னும் பெயரைப் பெறும். மேலும், உரிய காலத்தில் விடாத பழக்கத்தின் கடனைப் பெரும்பாலும் பிறரே இறுக்கின்றனர். மேல்மடையில் ஒருவன் மிச்சம் பிடித்த செலவைக் கீழ்மடை உழவன் தன் நிலத்தால் இறுத்தான். 2011இல் பட்டறைகள் திடீரென நின்றபோது, அவ்வாண்டு மேற்கொண்ட முடிவுகளில் யாதொரு பங்கும் இல்லாத கூலியாட்கள் தம் வேலையால் இறுத்தனர்.

அற்றேல், வளர்த்ததனை விடுதல் நன்றிக்கேடாகாதோ எனின், அதற்கு விடையைத் திருப்பூரின் பிற்கால வரலாறே தருகின்றது. மூடிய பட்டறைகள் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைத் திருத்தியும், தனியே நிலையங்கள் அமைத்தும் படிப்படியாக மீண்டன. அந்நிலையங்களிற் கழிவுநீரை நுண்ணிய சவ்வுகளின் வழியே அழுத்திச் செலுத்தி நன்னீரைப் பிரிக்கின்றனர். எஞ்சிய உவர்நீரைக் காய்ச்சி வற்றச்செய்து உப்பெடுக்கின்றனர். நீரின் பெரும்பகுதியும், மீட்ட உப்பும் மீண்டும் சாயத்தொட்டிக்கே செல்கின்றன. முன்னர் ஆற்றை அழித்த உப்பு இப்பொழுது மறுமுறை துணைசெய்யும் பொருளாயிற்று. பழக்கத்தை விடுதல் என்பதும் இத்தகையதே. அதன்கண் உள்ள பயனை மீட்டுக்கொண்டு, காலங்கடந்த வடிவத்தை மட்டும் நீக்கல் வேண்டும். செலவைச் சுருக்கும் அறிவு அங்கு அழியவில்லை. ஓடையிற் கொட்டுதலாகிய வடிவை விட்டு, துளிநீரையும் பிடியுப்பையும் வீணாக்காத வடிவை மேற்கொண்டது. சரியை முதலிய நான்கினையும் அரும்பு, மலர், காய், கனி என நம் பெரியோர் உவமித்ததும் இக்கருத்தே பற்றி. காய் தோன்றும்போது இதழ் உதிர்கின்றது; அதனால் மலர் பழிக்கப்பட்டதாகாது. உதிராத இதழே காய்க்கு இடையூறு.

இனி, விடுதல் எவ்வாறு கைகூடும் என்பதனையும் அறிதல் வேண்டும். உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது. ஆகலின் ஒன்றையும் சாராது வெறுமையாய் நின்று பழஞ்சார்பை உதறுவேன் என்பான் மீண்டும் அதன்கண்ணே வீழ்வான். புதியதும் உயர்ந்ததுமாகிய சார்பு ஒன்றைப் பற்றுதலே பழையது நெகிழ்தற்கு வழி. ஆணை மட்டும் இருந்த ஆண்டுகளில் திருப்பூரில் மாற்றம் முற்றவில்லை. கருவியும், பொருளுதவியும், தம்முட் கூடி நிலையங்களை நடத்தும் ஏற்பாடும் அமைந்தபோது முறை மாறிற்று. அதற்காக ஆணை வீண் என்றும் கொள்ளற்க. மகன் நலங்கருதித் தந்தை ஓச்சும் கோலும் அருளின்பாற்பட்டதே என்பது நம் நூல்களின் துணிபு. கோல் ஓங்கிய பின்னரே விழிப்பவர் மிகப் பலர். ஓங்குமுன் விழிப்பவர் சிலர். பக்குவ வேறுபாடு என்பது இதுவே.

விட்ட பின்னும் விழிப்பு வேண்டும். பெருங்காயம் இருந்த கலத்தைக் கழுவிய பின்னும் மணம் எஞ்சுதல் போல, நீங்கிய மலத்தின் வாசனை தாக்கும் என்பர் சித்தாந்திகள். 2011க்குப் பின்னரும் மறைவாகக் கழிவைத் திறந்துவிட்ட பட்டறைகள்மீது நடவடிக்கை எடுத்த செய்திகள் வந்ததுண்டு. நிலத்தில் ஊறிய உவரும் ஆணை பிறந்த அன்றே நீங்கிவிடவில்லை. ஒருமுறை திருந்தினோம் என்று இறுமாந்திருத்தல், திருத்தத்தின் பின் வருகின்ற புதிய அழுக்கு.

இதுகாறும் கூறியன பட்டறைக்கு மட்டும் உரியன என்று கருதற்க. எல்லா வேலையையும் தன் கையாலேயே செய்து உயர்ந்த ஒருவன், பலரைக் கொண்டு நடத்தும் நிலை வந்த பின்னும் எவரையும் நம்பாது தானே செய்வானாயின், அவன்கீழ் ஒருவரும் வளரார், அவனும் வளரான். நூற்பாக்களை உருவேற்றிக் கற்ற மாணவன், ஆசிரியனான பின்னும் உருவேற்றுதலையே கல்வியென்று கொள்வானாயின், மாணாக்கர் வினாக்கள் அவனுக்குச் சினத்தையே விளைக்கும். பரபக்கம் மறுத்துப் பெயர்பெற்றவர், மறுக்கும் பழக்கம் முதிர்ந்து, சுபக்கத்தில் திளைக்க வேண்டிய முதுமையிலும் வாது தேடி அலைவதை நம் அவைகளிற் காண்கின்றோம். உருவேற்றலும் வாதமும் அவ்வப்பருவத்திற்கு உதவிய உவரே. அவற்றை யாம் இகழ்கின்றோமல்லேம். நினைவாற்றலையும் சொற்றெளிவையும் மீட்டுக்கொண்டு, எஞ்சியதை அலசிவிடல் வேண்டும்.

ஆகவே, தம் பழக்கங்களை ஆராய்வார் மூன்றனை வினவுக: இஃது எனக்கு இன்னும் உதவுகின்றதா, வெறிதே தங்கியிருக்கின்றதா? இதனை நான் தொடர்வதற்குரிய பொருளை யார் இறுக்கின்றனர்? விடுங்கால் இதனின்று மீட்கத்தக்கது யாது? இவற்றுள் இரண்டாம் வினாவே நாம் பெரும்பாலும் வினவாது விடுவது. தன் வளர்ச்சியின் செலவைத் தன் கண்ணுக்கெட்டாத கீழ்மடையில் ஏற்றிவைப்பவன், எத்துணைப் பெரியனாய்த் தோன்றினும் வளர்ந்தவனாகான்.