மூன்று போட்டால் இரக்கமா?

யு.பி.எஸ்.ஆர். 2021-இல் நீங்கியது; பி.டி.3 அடுத்த ஆண்டில். பிள்ளைகளுக்கு அழுத்தம் குறைந்ததில் மகிழ்ச்சியே. ஆனால் அதன்பின் இடைநிலைப்பள்ளியின் முதல் மூன்று படிவங்களில் மாணவரின் நிலையைச் சொல்லும் பொறுப்பு பெருமளவில் ஆசிரியர் கைக்கு வந்தது. அடைவுநிலை 1 முதல் 6 வரை; 3 என்றால் குறைந்தபட்சத் தேர்ச்சி.

‘பாவம்லா, மூனு போட்டு விடுங்க’ என்ற பேச்சு இங்கேதான் நுழைகிறது. 2 போட்டால் விளக்கம் சொல்ல வேண்டும், தனியாகச் சொல்லித்தர வேண்டும். 3 போட்டால் எல்லாருக்கும் நிம்மதி.

வசதியுள்ள பெற்றோர் அந்த 3-ஐ மட்டும் நம்பி இருப்பதில்லை. டியூஷனுக்குக் காசு கட்டி உண்மையைத் தெரிந்துகொள்கிறார்கள். இரவு ஷிப்டு முடித்து வரும் தாய்க்கோ அந்த அட்டை ஒன்றுதான் தகவல். பையன் நல்லாத்தான் படிக்கிறான் என்று நம்பியிருப்பார். ஐந்தாம் படிவம் முடிந்தபின் எஸ்.பி.எம். முடிவு வேறு கதை சொல்லும்போது, சரிசெய்ய ஆண்டுகள் மிஞ்சியிருக்காது.

ஆக, நம் இரக்கத்துக்கு விலை கட்டுவது ஏழைப் பிள்ளை. 2 என்று உள்ளதை எழுதிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பின்னக் கணக்கைச் சொல்லித்தருவதுதான் இரக்கம். அதற்கு ஆசிரியருக்கு நேரம் வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் நாம் கேட்க வேண்டியது அந்த நேரத்தைத்தான்.