குளம்பு வடுவும் கால் வளையமும்

மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயிலின் மூலவர் உருவில் சிறியவர். யானையின் பின்புறம் போல வளைந்த தூங்கானை மாட விமானத்தின் கீழ், தீபாராதனை வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால்தான் தெரிவார். தேனு என்றால் பசு. கபில முனிவர் பசுவாகப் பிறந்து, மண்ணுக்குள் மறைந்திருந்த லிங்கத்தின் மேல் பால் சொரிந்து வழிபட்டார் என்பது தலபுராணம். அப்போது பட்ட குளம்பின் வடு இன்னும் லிங்கத்தின் மேல் இருப்பதாக ஊரில் சொல்வார்கள். சோழர் காலத்துக் கோயில் இது. இன்று மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

அந்தப் பசு லிங்கத்தைக் காயப்படுத்த நினைக்கவில்லை. ஆனால் கிட்டே போகாமல் பால் சொரிய முடியாது. கிட்டே போனால் குளம்பு படத்தான் செய்யும். அன்பினாலோ அறிவதற்காகவோ இன்னோர் உயிரை நெருங்குகிற எவருக்கும் இந்தச் சிக்கல் உண்டு. வனவிலங்கு ஆய்வாளர்களுக்கு இது அன்றாடத் தொழிற்சிக்கல்.

கோயிலை விட்டு வந்து கொஞ்ச தூரம் நடந்தால் மாடம்பாக்கம் ஏரி. சென்னைப் புறநகர் ஏரிகளுக்கு ஆவணி, புரட்டாசியிலேயே வடக்கிலிருந்து விருந்தாளிகள் வரத் தொடங்கிவிடுவார்கள். சேற்றோரம் நடந்து பூச்சி பொறுக்கும் பொரி உள்ளான் அவர்களில் ஒன்று. பழுப்பு முதுகில் பொரி தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள். உள்ளங்கையில் அடங்கிவிடும் உடம்பு. ஸ்காண்டிநேவியாவில் தொடங்கி சைபீரியாவின் கிழக்கு வரை நீளும் சதுப்புக் காடுகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, நம் ஊர் ஏரிகளுக்குக் குளிர்காலம் கழிக்க வருகிறது.

இது நமக்கு எப்படித் தெரியும்?

பறவைகள் பருவந்தோறும் தெற்கே வந்து வடக்கே திரும்புவதைத் தமிழர்கள் வெகு காலமாகவே கவனித்திருக்கிறார்கள். சத்திமுத்தப் புலவர் வறுமையில் மதுரையில் வாடியபோது, தென்திசைக் குமரியில் நீராடி வடதிசைக்குப் போகும் செங்கால் நாரையையும் அதன் பெடையையும் பார்த்துத்தான் மனைவிக்குத் தூது சொன்னார். அந்த வடக்கு அவருடைய ஊரான சத்திமுத்தத்தோடு நின்றது. அதற்கும் அப்பால் எவ்வளவு வடக்கே என்று கேட்டு விடை காண வேண்டுமானால், யாராவது ஒரு பறவையைப் பிடித்துக் காலில் அடையாளம் கட்டியாக வேண்டும்.

இந்தியாவில் அந்த வேலை பெரிய அளவில் தொடங்கியதற்குக் காரணம் அன்பு அல்ல, பயம். 1957இல் கர்நாடகத்தின் ஷிமோகா பகுதியில் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. மனிதர்களுக்கும் கடுங்காய்ச்சல் கண்டது. புனேயிலிருந்த வைரஸ் ஆராய்ச்சி மையம் அந்தக் கிருமியை ஆராய்ந்தபோது, அது ரஷ்யாவில் உண்ணிகளால் பரவும் மூளைக்காய்ச்சல் கிருமிக்கு உறவாக இருந்தது. சைபீரியாவிலிருந்து வரும் பறவைகளின் உடம்பில் ஒட்டிய உண்ணிகள் இதைக் கொண்டுவந்திருக்குமோ என்ற சந்தேகம் எழுந்தது. உலக சுகாதார நிறுவனம் உதவ முன்வந்தது. பல காலமாக இப்படி ஓர் ஆய்வுக்கு ஏங்கியிருந்த பறவையியலாளர் சாலிம் அலி அந்த வாய்ப்பைப் பிடித்துக்கொண்டார். 1959 முதல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் ஆயிரக்கணக்கில் பறவைகளைப் பிடித்து வளையமிட்டார்கள். பரத்பூரும் நம்முடைய கோடியக்கரையும் அந்த வேலையின் முக்கியக் களங்கள் ஆயின.

இந்த வரலாற்றில் ஓர் இருண்ட பக்கமும் உண்டு. பின்னாளில் இந்த ஆய்வுக்கு அமெரிக்க ராணுவத்தின் பணமும் வந்தது. பறவைத் தடங்களை அறிவது நோய்க்கிருமியை ஆயுதமாக்கவும் உதவுமே என்ற கேள்வி எழுந்து, 1970களின் நடுவில் நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு அதை விசாரித்தது. கேட்க வேண்டிய கேள்விதான் அது. ஒரு உள்ளானின் காலில் கட்டிய வளையம் யாருக்காக, எதற்காக என்பதை அந்த உள்ளான் கேட்க முடியாது.

கோடியக்கரையில் வேலை பெரும்பாலும் இரவில் நடக்கும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வலையைச் சேற்று நிலத்தின் குறுக்கே கட்டிக் காத்திருப்பார்கள். கண்ணி வைப்பதைக் குலத்தொழிலாகக் கொண்ட பீகாரின் மீர்ஷிகார் சமூகத்திலிருந்து வந்த அலி உசேன் போன்றவர்கள், காலொடியாமல் சிறகு முறியாமல் பறவை பிடிக்கும் வித்தையை ஆய்வாளர்களுக்குத் தந்தார்கள். கறிக்குப் பிடித்த கை, கணக்கெடுக்கப் பிடித்தது. சிக்கிய பறவையின் இறக்கை நீளம், அலகு நீளம், எடை எல்லாம் குறித்துக்கொண்டு, எண்ணும் கழகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லும் வேண்டுகோளும் பொறித்த வளையத்தைக் காலில் மாட்டிப் பறக்கவிடுவார்கள். அந்தச் சில நிமிடங்கள் பறவைக்கு எப்படி இருக்கும்? அதைப் பொறுத்தவரை அது பருந்தின் பிடிதான். விட்டுவிடுவார்கள் என்று அதற்குத் தெரியாது.

அப்படியென்றால் இது பாவமா? கொல்லாமையைத் தனி அதிகாரமாகப் பாடிய மொழி நம்முடையது. வடலூரில் தருமச்சாலை அடுப்பை மூட்டிய வள்ளலார், உயிர் இரக்கத்தையே வழிபாடாக வைத்தார். இந்த மரபில் வளர்ந்த ஒருவர் வலையில் துடிக்கும் உள்ளானைப் பார்த்துவிட்டு ‘இதற்கு என்ன உரிமை?’ என்று கேட்டால், ‘அறிவியல்’ என்ற ஒற்றைச் சொல் பதிலாகாது.

இந்தக் கேள்வியை மிகக் கூர்மையாக யோசித்தவர்கள் சமணர்கள். நீருக்கே உயிருண்டு என்று கருதி, தண்ணீரையும் வடிகட்டிக் காய்ச்சிக் குடிப்பார்கள் அவர்களுடைய துறவிகள். மழைக்காலம் நான்கு மாதமும் முளைக்கிற புல்லும் ஊர்கிற புழுவும் மிதிபடக்கூடாதென்று ஒரே ஊரில் தங்கிவிடுவார்கள். ஆனாலும் மூச்சு விடுவதிலேயே நுண்ணுயிர் சாகிறதே, பிறகு அகிம்சை எப்படிச் சாத்தியம்? உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் இதற்கு ஒரு வழி காட்டுகிறது. இம்சையை அது வெறும் விளைவாக மட்டும் வரையறுக்கவில்லை. கவனமின்மையால் உயிருக்கு வரும் கேட்டையே இம்சை என்கிறது. அந்தக் கவனமின்மைக்கு அது வைத்திருக்கும் பெயர் பிரமாதம். நல்ல கச்சேரியைக் கேட்டுவிட்டு நாம் மெச்சுவதற்குச் சொல்கிறோமே, அதே சொல். தமிழில் அது எப்படியோ பாராட்டாகிவிட்டது. சமணத்தில் அது பழி.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் அறிவியலின் குற்றங்கள் துல்லியமாகத் தெரிகின்றன. பென்குயின்களின் காலில் வளையம் நிற்காது என்பதால், துடுப்புச் சிறகில் உலோகப் பட்டை மாட்டும் வழக்கம் பல பத்தாண்டுகள் இருந்தது. பறவைக்கு ஒன்றும் ஆகாது, பழகிவிடும் என்று நம்பினார்கள். தென்கோடியில் குரோசே தீவுகளில் அரச பென்குயின்களைப் பத்தாண்டு தொடர்ந்து கவனித்த பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2011இல் ‘நேச்சர்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். பட்டை மாட்டிய பறவைகள் பிழைத்திருக்கும் விகிதம் 16 சதவீதம் குறைவு. அவை வளர்த்த குஞ்சுகள் 39 சதவீதம் குறைவு. நீந்தும்போது பட்டையால் தண்ணீரின் இழுவை கூடியிருக்கிறது. மாட்டிய கைகள் எதுவும் கொடிய கைகள் இல்லை. சோதித்துப் பார்க்காமல் விட்டதுதான் பிழை. ஆனால் அந்தப் பிழையைத் தேடிக் கண்டுபிடித்து உலகுக்குச் சொன்னதும் அதே அறிவியல் என்பதைச் சேர்த்துச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

இத்தனை சிரமம் கொடுத்து அறிந்ததென்ன? இங்கே வடதுருவத்தின் பக்கம் போக வேண்டும்.

கோடியக்கரை அலையாற்றிச் சேற்றில் வளைந்த அலகால் துழாவும் உள்ளான் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் கர்லூ சாண்ட்பைப்பர். எடை 60 கிராம் போல இருக்கும். அது முட்டையிடுவது ரஷ்யாவின் வடக்கு உச்சியில், தைமிர் தீபகற்பத்திலும் அதன் கிழக்கே உள்ள துந்திர வெளியிலும். கோடியக்கரையிலிருந்து நேர்க்கோட்டில் ஏறக்குறைய 7,000 கிலோமீட்டர். அங்கே ஜூனில்தான் பனி உருகும். சூரியன் மறையாத அந்தச் சில வாரங்களில் ஆய்வாளர்கள் ஈரப் பாசித் தரையில் கூடு தேடி நடப்பார்கள், முட்டை எண்ணுவார்கள், குஞ்சுகளை அளப்பார்கள். அவர்கள் கண்ட சங்கிலி வியப்பானது. துந்திரத்தில் லெம்மிங் என்ற குட்டைவால் எலி மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பெருகும், பிறகு சரியும். எலி மலிந்த ஆண்டில் துருவ நரி எலியைத் தின்று வயிறு நிறைத்துக்கொள்ளும். உள்ளான் குஞ்சுகள் பிழைக்கும். எலி அற்றுப்போன ஆண்டில் நரி கூடு கூடாகத் தேடி முட்டையையும் குஞ்சையும் தின்னும். அதற்கடுத்த குளிர்காலத்தில் பூமியின் தென்பாதியில் இருக்கிற கடற்கரைகளில்கூட இளம் பறவைகள் அரிதாகிவிடும். தென்னாப்பிரிக்கக் கடற்கழியில் இளம் பறவைகளை எண்ணியே தைமிரில் எலி ஆண்டு எது என்று சொல்லலாம் என்கிற அளவுக்கு இது உறுதிப்பட்டது. ஒரு எலியின் பிறப்பு எங்கோ ஒரு கரையின் பறவைக் கூட்டத்தை நிர்ணயிக்கிறது. சார்ந்து தோன்றுதல் என்று பௌத்தர் தத்துவமாகச் சொன்னதை, வளையத்தையும் நோட்டுப்புத்தகத்தையும் வைத்துக்கொண்டு சிலர் அளந்து காட்டியிருக்கிறார்கள்.

இன்னொன்று. தாய்ப் பறவைகள் முன்னே கிளம்பிவிட, முதல் பயணம் போகும் குஞ்சுகள் பின்னால் தாங்களாகவே தெற்கு நோக்கிப் பறக்கின்றன. வழி சொல்ல யாரும் இல்லை. பிறந்த குழந்தை யாரும் கற்றுத்தராமலே பால் தேடுவதைக் காட்டி, முற்பிறவிப் பழக்கம் உண்டு என்று வாதிட்டது நியாய சூத்திரம். அறிவியல் அதையே மரபணுவில் வந்த திசையறிவு என்கிறது. விளக்கம் எதுவானாலும், பறவை தன் வழியை யாரையும் பிடித்துவைக்காமல் அறிகிறது. நமக்கோ அதே வழியை அறிய வலை வேண்டியிருக்கிறது. அதனால்தான் நம் அறிவில் கடன் ஏறியிருக்கிறது.

அந்தக் கடன் நாளுக்கு நாள் வளர்கிறது. ரெட் நாட் என்ற மற்றோர் உள்ளானைப் பற்றி யான் வான் கில்ஸ் குழுவினர் 2016இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். அதற்கு முந்தைய 33 ஆண்டுகளில் தைமிரில் பனி ஆண்டுக்கு அரை நாள் வீதம் முன்கூட்டியே உருகிவந்திருக்கிறது. பூச்சிகள் மலிந்து ஓய்ந்தபின் குஞ்சுகள் பொரிக்கின்றன. இரை போதாமல் உடலும் அலகும் குறுகி வளர்கின்றன. மேற்கு ஆப்பிரிக்காவின் மௌரிடானியக் கரைக்குப் போனதும், ஆழத்தில் புதைந்த சிப்பிக்கு அந்தக் குட்டை அலகு எட்டாமல் பட்டினியில் சாகின்றன. கர்லூ சாண்ட்பைப்பரை 2024 அக்டோபரில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அழியும் ஆபத்துள்ள இனங்களின் வரிசைக்கு நகர்த்தியது. இவ்வளவும் தெரிந்துகொண்டோம். தெரிந்தும் சும்மா இருப்பது, வலையில் பிடித்த அந்த இரவை வீணான வதையாக ஆக்கிவிடும். அதுதான் பிரமாதத்திலும் பெரிய பிரமாதம்.

பறவையைத் தொடாமலே இந்தக் கடனைத் தீர்த்தவர்கள் மாடம்பாக்கம் இருக்கிற அதே செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறார்கள். வேடந்தாங்கல் மக்களுக்குத் தங்கள் ஏரிப் பறவைகளைச் சுடாமல் காக்கும் உரிமையை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கலெக்டர் லயனல் பிளேஸ் அங்கீகரித்தார். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்ததற்கு ஏற்ப நடந்தார்கள். தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதில் ஆதாயமும் உண்டுதான். அதனால் அந்த அறத்தின் மதிப்பு குறைந்துவிடாது.

புறநகரில் நிலைமை வேறு. பள்ளிக்கரணைச் சதுப்பு 2022இல் ஈரநிலங்களுக்கான பன்னாட்டு ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது, முன்பிருந்த பரப்பில் ஒரு சிறு பங்குதான் மிஞ்சியிருந்தது. அதற்குத் தண்ணீர் அனுப்பும் தொடர் ஏரிகளில் ஒன்றான செம்பாக்கம் ஏரியை தி நேச்சர் கன்சர்வன்சியும் கேர் எர்த் அறக்கட்டளையும் சென்னை ஐஐடியும் சேர்ந்து மீட்டெடுக்க முனைந்தது நல்ல முன்மாதிரி. மாடம்பாக்கம் ஏரியில் உள்ள கிணறுகளிலிருந்து சுற்றுவட்டாரத்துக்குக் குடிநீர் போகிறது. அதே ஏரியில் குடியிருப்புகளின் கழிவுநீர் கலக்கிறது என்று ஊர்மக்கள் பல ஆண்டுகளாக முறையிட்டுக்கொண்டிருக்கிறார்கள். தேனுபுரீஸ்வரருக்குப் பால் ஊற்றிவிட்டு வரும் பக்தர் வீட்டுச் சாக்கடையும் அந்த ஏரியில் முடிந்தால், குளம்பு வடுவின் கதையை அவர் காதில் வாங்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆண்டுதோறும் ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. தை பிறக்கும்போது ஏரிக்கரைக்குப் போங்கள். உள்ளான் ஒன்றின் காலில் வளையமோ வண்ணக் கொடியோ தெரிந்தால், விரட்டாமல் நெருங்காமல் கேமராவிலோ தொலைநோக்கியிலோ எண்ணைப் படித்துப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எழுதுங்கள். வீடு திரும்பியதும், உங்கள் வீட்டுக் கழிவுநீர் எந்த வாய்க்காலில் போய்ச் சேர்கிறது என்பதையும் அன்றைக்கே நடந்துபோய்ப் பார்த்துவிடுங்கள்.