மற்றப் படவிலிருந்த கூட்டாளிகள்



ஜெனசரேத்துக் கடலிலே மீன் பாரத்தால் வலை கிழியத் தொடங்கினபோது அர்ச். இராயப்பர் என்ன செய்தார்? மற்றப் படவிலிருந்த கூட்டாளிகளுக்குச் சைகை காட்டினார். அவர்கள் வந்தார்கள், இரண்டு படவும் நிரம்பிற்று. யாருக்கு எத்தனை பங்கு என்று கரையில் தர்க்கம் நடந்ததாகச் சுவிசேஷத்தில் காணோம்!

நமக்கும் ஒரு மற்றப் படவு உண்டு. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் நீர்கொழும்பிலும் நம்மைப் போலவே செபமாலை சொல்லிக் கடலுக்குப் போகிறவர்கள் அவர்கள். 1542-ல் நம் முத்துக்கரைக்கு வந்த அர்ச். சவேரியார் அவர்களுக்கும் ஞானத் தகப்பன்.

இரு நாடுகளும் 1974-லும் 1976-லும் உடன்படிக்கை செய்து கடலில் எல்லை வகுத்தன. கச்சத்தீவு அக்கரைக்குப் போயிற்று. ஆனாலும் நம்மவர் பயணச்சீட்டும் விசாவும் இன்றியே அங்கு யாத்திரை போய் வரலாம் என்று 1974-ஆம் ஆண்டு உடன்படிக்கையிலேயே எழுதியிருக்கிறது. அர்ச். அந்தோனியார் திருநாளில் இரு கரைக் குருக்களும் ஒரே பீடத்தில் பூசை வைப்பது அதனால்தான். 2024-லோ, மீனவர் சிலருக்குச் சிறைத் தண்டனை விதித்ததைக் கண்டித்து இராமேஸ்வரத்தார் திருநாளுக்குப் போகவில்லை. அவர்கள் மனத்துயரை நான் குறை சொல்லேன். பிள்ளை சிறையிலிருக்கும் வீட்டில் உலை கொதிப்பதில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லாவிட்டால் நான் மேய்ப்பனல்ல. சண்டை ஓய்ந்து, பல ஆண்டுகளுக்குப் பின் கடலில் இறங்கிய வடக்கு இலங்கை ஏழையின் வலையை அறுத்தது எது? அடிமடியைச் சுரண்டும் இழுவை மடி. அதனால் மீன்குஞ்சும் மடிகிறது, அவன் கடனும் ஏறுகிறது. 2014-ல் சென்னையிலும் கொழும்பிலும் இரு தரத்து மீனவரும் உட்கார்ந்து பேசினார்கள். அவர்கள் முதலாவதாகக் கேட்டது இழுவை மடியை நிறுத்துங்கள் என்பதே. நம்மவர் தவணை கேட்டார்கள். தவணை கேட்பது பாவமல்ல. வாங்கின தவணையை மறப்பதோ? விசைப்படகுச் சொந்தக்காரர் பாவசங்கீர்த்தனத்துக்கு வருமுன் இதையும் ஆத்தும சோதனையில் சேர்த்துக்கொள்ளட்டும்.

எல்லை தாண்டியதாகப் பிடிபட்ட இலங்கை மீனவரும் நம் துறைமுகத்துக்குக் கொண்டுவரப்படுகிறதுண்டு. அப்போது வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேருகிறது. மாற்றுத்துணி கொண்டுபோவார் எத்தனை பேர்? நீர்கொழும்பில் ஒரு தாய் அந்நேரம் பனிமய மாதாவை அல்லவா கூப்பிடுவாள்!

ஆகையால் இனி அப்படி எவரேனும் வந்தால் கொடுப்பதற்காக, வேஷ்டி, சட்டை, சோப்பு முதலியவற்றைக் கோவில்பிள்ளையிடம் ஒப்படையுங்கள். ஞாயிறு இரண்டாம் பூசை, இரு கரைச் சிறைகளிலும் இருக்கும் மீனவருக்காக ஒப்புக்கொடுக்கப்படும்.

உங்கள் பங்குச் சுவாமி