ஓடாத ஊர்தியும் ஒரு பொருளே

இல்லறத்தார்க்கு வகுக்கப்பட்ட ஐந்து அணுவிரதங்களுள், ஓர் உயிரைத் துன்புறுத்தினாலோ பொய் உரைத்தாலோ மனம் உடனே குத்துகிறது. ஐந்தாவதாகிய பொருள் வரைதலை மீறுவது அவ்வாறு தெரிவதில்லை. பொருள்கள் ஓசையின்றி வந்து சேர்கின்றன. சேர்ந்தபின் அவற்றுக்கு நாமே ஒரு நல்ல பெயரைச் சூட்டி வைத்துக்கொள்கிறோம். எங்கள் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றை இங்கு எழுதுவது பிறர்க்கு அறிவுரை கூறுவதற்கன்று. எங்களை நாங்களே ஏமாற்றிக்கொண்ட விதம் வேறு சில குடும்பங்களுக்கும் பயன்படக்கூடும் என்னும் எண்ணத்தாலேயே எழுதுகிறோம்.

வண்டியின் வரலாறு

செங்கல்பட்டில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் நெடுங்காலம் நின்றது. இங்கிலாந்தில் 1959-ஆம் ஆண்டு டிரயம்ஃப் ஹெரால்டு என்னும் பெயரில் வெளிவந்த வண்டி அது. இத்தாலியரான மிச்செலோட்டி அதன் வடிவத்தை வரைந்தார். 1961 முதல் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் வண்டலூரில் இருந்த தன் ஆலையில் அதனை இந்தியாவுக்கெனச் செய்து விற்றது. எங்கள் வண்டி 1967-இல் பதிவானது. எங்கள் இல்லத் தலைவர் அதனை 1975-இல் இரண்டாம் கையாக வாங்கினார்.

அக்காலத்து அம்பாசிடர், பியட் கார்களில் கூரையும் அடிப்பாகமும் ஒரே கூடாக இணைந்திருக்கும். ஹெரால்டுக்கோ அடியில் தனிச் சட்டகம் உண்டு. அதன்மேல் உடற்பகுதிகள் திருகாணிகளால் பிணைக்கப்பட்டிருக்கும். ஆகவே, கூரையை மட்டும் கழற்றி எடுக்க இயலும். எங்களுக்கு முன் அதனை வைத்திருந்தவர் ஒரு பட்டறையில் இரும்புக் கூரையைக் கழற்றிவிட்டு, மடித்துத் திறக்கும் கான்வாஸ் கூரையைப் பொருத்தியிருந்தார். இச்செய்தியை வாசகர்கள் நினைவிற் கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இது தேவைப்படும்.

பள்ளி விடுமுறை நாள்களில் மாலை வேளையில் கூரையை மடித்துவிட்டுத் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்வோம். ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவு. பிள்ளைகள் பின் இருக்கையில் நின்றுகொண்டு வருவர். அந்நாளில் அதனை யாரும் தவறென்று எண்ணியதில்லை. திரும்பி வந்தவுடன், இரவு எந்நேரமாயினும், கிணற்று நீரை இறைத்து வண்டியின் அடிப்பாகத்தைக் கழுவிய பின்னரே அவர் உணவு கொள்வார். கடற்காற்றின் உப்பு இரும்பை விடாது என்பார்.

குறிப்பேட்டில் எழுதிய வரி

1996-ஆம் ஆண்டு தசலட்சணப் பருவத்தில் நாங்கள் இருவரும் பரிமித பரிக்கிரக விரதம் ஏற்றோம். நிலம் இவ்வளவு, பொன் இவ்வளவு, ஆடை இவ்வளவு என ஒரு குறிப்பேட்டில் அவர் எழுதினார். ஊர்தி என்பதற்கு நேரே "ஒன்று" என எழுதினார். புறப்பொருள்களைப் பத்தாக வகுக்கும் நம் ஆகம மரபில் ஊர்தியும் இடம்பெறுவதை அறிவோம். சமந்தபத்திர சுவாமிகள் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் இவ்விரதத்திற்குரிய ஐந்து குற்றங்களைக் கூறுங்கால் முதலில் வைப்பது அதிவாகனம். அதன் பின்னரே அதிசங்கிரகம், விஸ்மயம், லோபம், அதிபாரவாகனம் ஆகியன வருகின்றன. ஊர்தியையோ அதனை இழுக்கும் விலங்கையோ அளவுக்கு மிஞ்சிக் கொள்வதே அதிவாகனம்.

2017-இல் அவருக்கு இதய நோய் கண்டது. சென்னை மருத்துவமனைக்கு அடிக்கடி செல்ல வேண்டியிருந்ததால் மகன் ஒரு சிறிய புதிய கார் வாங்கித் தந்தார். ஹெரால்டு அதற்கு ஈராண்டுகளுக்கு முன்பே நின்றுவிட்டிருந்தது. குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தோம். "ஓடாத வண்டி ஊர்தியாகாது, அது நினைவுப் பொருள்" என்று நாங்களே சொன்னோம். அவரும் மறுக்கவில்லை. 2021-இல் அவர் மறைந்தார். அதன்பின் அவ்வண்டியைத் தொடவும் எங்களுக்கு மனம் வரவில்லை.

முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் வருகைப் பதிவேடு எழுதிய கை இது. ஒரு பிள்ளை பல நாள்கள் பள்ளிக்கு வராவிடினும் அதன் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்க மாட்டோம். வரவில்லை எனக் குறித்துக்கொண்டே இருப்போம். வகுப்பின் எண்ணிக்கையில் அப்பிள்ளையும் அடங்கும். இவ்வெளிய கணக்கை வீட்டில் மறந்துவிட்டோம். நினைவு என்பது நம் உள்ளத்தில் இருப்பது. அதற்கு வரம்பு விதிக்க யாரும் கேட்கவில்லை. கொட்டகையில் இருந்ததோ இரும்பு. அதற்கு இடம் வேண்டும், தார்ப்பாய் வேண்டும், பூட்டு வேண்டும், கவலை வேண்டும்.

பேரனின் வினா

கல்லூரியில் படிக்கும் பேரன் விற்கக் கூடாது என்றான். "பழமையைப் பாதுகாப்பதும் கடமைதானே, பாட்டி? மாமல்லபுரத்தில் ஓடாத கல் தேர்களை நாடே பாதுகாக்கவில்லையா?" என்று கேட்டான்.

நல்ல வினா. பல்லவர் ஏழாம் நூற்றாண்டில் ஒற்றைப் பாறைகளில் செதுக்கிய ஐந்து ரதங்களும் ஓடியவை அல்ல. கடற்கரைக் கோயிலை உப்புக் காற்று அரிக்காதிருக்கத் தொல்லியல் துறையினர் கடற்புறத்தில் கல் தடுப்பு அமைத்தனர். சவுக்கு மரங்களை நட்டனர். காகிதக் கூழைச் சுவரில் அப்பி உப்பை உறிஞ்சி எடுத்தனர். 1984-இல் யுனெஸ்கோ இச்சின்னங்களை உலக மரபுச் சின்னங்களாக ஏற்றது. ஆனால், அவை யாருடைய கொட்டகையிலும் பூட்டப்பட்டிருக்கவில்லை. வருவோர் அனைவரும் காண்கின்றனர். காப்பதற்கென ஒரு துறையே உழைக்கின்றது. எங்கள் வண்டியை நாங்கள் காக்கவில்லை. விடாது வைத்திருந்தோம், அவ்வளவே. கான்வாஸ் கிழிந்து, மழைநீர் உள்ளிறங்கி, தரைத்தகடு துருப்பிடித்துக்கொண்டிருந்தது. அவர் இரவில் கிணற்று நீர் இறைத்துக் கழுவியதே பாதுகாப்பு. அவருக்குப் பின் எங்களால் இயன்றது தார்ப்பாயை இழுத்து மூடியது மட்டுமே. இதனைக் கூறியபோது பேரன் சற்று நேரம் பேசாதிருந்தான். "அப்படியானால், காக்கக் கூடியவருக்குக் கொடுப்போம், பாட்டி" என்றான்.

விற்பனையில் வந்த சோதனை

இருவர் கேட்டு வந்தனர். ஒருவர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள விடுதியொன்றுக்காக வந்த தரகர். விருந்தினர் நின்று படம் எடுத்துக்கொள்ள வாயிலில் நிறுத்துவார்களாம். மற்றவர் திருக்கழுக்குன்றம் சாலையில் பட்டறை வைத்திருக்கும் இளைஞர். பழுது பார்த்து ஓட்ட விரும்பினார். தரகர் கூறிய விலையில் பாதியும் அவரால் தர இயலவில்லை.

2021 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த வண்டிகள், சட்டகம், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாதிருப்பின், விண்டேஜ் எனத் தனிப்பதிவு பெறலாம். தரகர் இதனை எடுத்துக் கூறி, "திறந்த கூரையோடுதான் ஆலையிலிருந்து வந்தது என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள், அம்மா. விலையை இன்னும் கூட்டித் தருகிறேன். இந்த வயதில் உங்களை யார் வந்து கேட்கப் போகிறார்கள்?" என்றார்.

கூரை பட்டறையில் மாற்றப்பட்டது என்பது எங்களுக்குத் தெரியும். அக்கணத்தில் உடனே மறுத்துவிட்டோம் என எழுதினால் அதுவும் பொய்யாகும். நாளை சொல்கிறோம் என்று அனுப்பிவைத்தோம். அன்றிரவு ஒன்று விளங்கிற்று. "ஓடாத வண்டி ஊர்தியாகாது" என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டதற்கும், அவர் கேட்ட கடிதத்திற்கும் வேறுபாடு மிகச் சிறிது. இரண்டும் ஒரு பொருளுக்கு அது அல்லாத பெயரைச் சூட்டுவதே. முன்னது வைத்துக்கொள்வதற்காகச் சொன்ன பொய். பின்னது விற்பதற்காகச் சொல்லவிருந்த பொய். பற்று வைத்திருப்பதில் மட்டும் இருப்பதன்று. விற்பதிலும் அது வந்து அமர்ந்துகொள்கிறது.

மறுநாள் தரகரிடம் இயலாது என்றோம். இளைஞரை அழைத்து, கூரை மாற்றப்பட்டதையும், சட்டகத்தில் துரு ஏறிய இடங்களையும், தரைத்தகட்டின் ஓட்டைகளையும் ஒவ்வொன்றாகக் காட்டினோம். அவர் குனிந்து சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்த்துவிட்டு, "சட்டம் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது, டீச்சர். யாரோ நன்றாகக் கழுவி வைத்திருக்கிறார்கள்" என்றார். எங்களால் விடை கூற இயலவில்லை.

பின்னர்

வண்டி சென்று சில திங்கள் கழிந்தபின், அதே வகைக் கார் ஒன்று பன்மடங்கு விலைக்குப் போனதாக உறவினர் ஒருவர் கூறினார். நெஞ்சில் ஒரு முள் தைத்தது. பொருள் போனபின்னும் அதன் விலை உள்ளே தங்கியிருந்தது. விஸ்மயமும் லோபமும் ஏன் தனித்தனிக் குற்றங்களாக எண்ணப்பட்டன என்பது இவ்வயதில்தான் எங்களுக்குப் புரிந்தது.

குறிப்பேட்டில் ஊர்தி என்னும் வரி இன்று உண்மையாயிற்று. பழையதை விற்பதே அறம், வைத்திருப்பது குற்றம் என்று நாங்கள் கூறவில்லை. பயன்படுத்திப் பேணி, எண்ணிக்கையில் மறைக்காது வைத்திருப்போர் வைத்திருக்கலாம். நம் இல்லங்களின் பரண்களிலும் பூட்டிய அறைகளிலும் நினைவு என்னும் பெயரில் எண்ணாமல் விட்டவை பல உண்டு. வரும் தசலட்சணப் பருவத்தில் அவற்றை வெளியே எடுத்து, உள்ள பெயராலேயே அழைத்து ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக. வைத்துக்கொள்வதா கொடுப்பதா என்பதை அதன்பின் முடிவு செய்யலாம்.